பிந்தின நிமிசங்கள் ஆற்றை?

அதிலை ஏறாதேங்கோ தம்பி. ஏறினால் பிடிப்பாங்கள். உங்கட கையிலை இருக்கிறது சிவப்புக் கொம்பனி ரிக்கெற். உது பச்சைக் கொம்பனி வண்டி. ஓம், அதுவும் அந்தக் கடற்கரை ஊருக்குத்தான் போகுது. அதே தண்டவாளத்திலைதான் போகுது. அதே ஸ்ரேசன்களிலைதான் நிக்கும். ஆனால் நீங்கள் அதிலை இருக்கேலாது. இருந்தால் ஒருத்தன் வந்து, மன்னிக்கவேணும் சேர், இது எங்கட ரிக்கெற் இல்லை எண்டு நல்ல மரியாதையாச் சொல்லிப்போட்டு, ரிக்கெற் விலையிலை நாலு மடங்கு தண்டம் எழுதித் தருவான். மரியாதையிலை ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இருங்கோ. இந்த வாங்கிலை இருங்கோ. உங்கட வண்டிக்கு இன்னும் நேரம் கிடக்கு. கதையிலை தெரியுது, இந்தியாவிலை எந்த ஊர்? திருச்சியோ? நல்லது. படிக்க வந்தனீங்களாக்கும். நான் யாழ்ப்பாணம். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலை. தெய்வேந்திரம் எண்டு பேர்.

உங்கட ஊரிலை ரெயில் எண்டால் அரசாங்கத்தின்ரை ரெயில். பிந்தினால் அரசாங்கத்தைத் திட்டிப்போட்டு இருக்கலாம். இஞ்சை ஆரைத் திட்டுறது எண்டு கண்டுபிடிக்கவே ஒரு ஒப்பீஸ் வேணும். சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். அந்த ஒப்பீசிலைதான் எனக்கு வேலை.

வடிவாக் கேளுங்கோ. தண்டவாளம் ஒருத்தன்ரை. அதுக்கு மேலை ஓடுற வண்டி இன்னொருத்தன்ரை. அந்த இன்னொருத்தனும் சொந்தமா வண்டி வைச்சிருக்கிறேல்லை. எங்கையோ இருக்கிற ஒரு காசுக்காரனிட்டை வாடகைக்கு எடுத்துப் பெயின்ற் அடிச்சு ஓட்டுறான். இந்த ஸ்ரேசன் சிவப்புக் கொம்பனியின்ரை. நீங்களும் நானும் இருக்கிற வாங்கும் அவங்கட. எங்கட கொம்பனி நீலம். எங்கட நீல வண்டி இஞ்சை வந்து நிண்டால், நிண்டதுக்கு நாங்கள் அவங்களுக்குக் கூலி குடுக்கவேணும். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிக் கதிரை, ஒரே மாதிரி நாத்தம் பிடிச்ச கக்கூசு. நிறம் மட்டும் வேறை. இதுக்குப் பேர் போட்டியாம். போட்டி இருந்தால் சனத்துக்கு நல்லதாம். அந்தப் பக்கம் முழுக்க ஒற்றைத் தண்டவாளம் தம்பி. ஒற்றைத் தண்டவாளத்திலை என்ன கண்டறியாத போட்டி? முன்னாலை போறவனை முந்தேலுமே?

ஒண்டைச் சொல்லுறன். இந்த மூண்டு கொம்பனியும் ஒருத்தனுக்காக ஒருத்தன் ஒரு நிமிசம் பொறுக்கமாட்டான். பச்சை வண்டி பிந்தி வந்து, அதிலை இருந்து சனம் இறங்கிப் பிள்ளையளையும் பெட்டியளையும் இழுத்துக்கொண்டு ஓடிவரும். சிவப்பு வண்டி கதவைப் பூட்டிக்கொண்டு போகும். கண்ணாலை கண்டுகொண்டே போகும். ஏன் பொறுக்கவேணும்? பொறுத்தால் பிந்தும். பிந்தினால் அந்த நிமிசம் பொறுத்தவன்ரை தலையிலை. ஓடிவந்த சனம் ஆற்றை தலையிலும் இல்லை. அதுகள் பிளாற்போமிலை முழிச்சுக்கொண்டு நிக்கும். நான் கன நாள் இந்த வாங்கிலை இருந்து பாத்திருக்கிறன். மனுசத்தன்மை எண்டு ஒரு பொட்டு இல்லாத கூட்டம்.

என்ரை வேலையைக் கேட்டனீங்கள் எல்லே. வண்டி ரண்டு மூண்டு நிமிசத்துக்கு மேலை பிந்தினால் அந்த நிமிசத்துக்கு ஒரு தகப்பன் வேணும். தகப்பன் ஆரோ, அந்தக் கொம்பனிதான் மற்றவைக்குத் தண்டம் கட்டவேணும். தகப்பன் இல்லாத நிமிசம் எண்டு இந்த நாட்டிலை ஒண்டும் கிடையாது. மழை பெய்தால் மழைக்கு ஒரு தகப்பன். தண்டவாளத்திலை இலை விழுந்தால் இலைக்கு ஒரு தகப்பன். ஒவ்வொரு கொம்பனியிலும் இதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம். தண்டவாளக்காரரிட்டை ஒரு மாடி நிறைய இருக்கினம். எல்லாம் படிச்சதுகள். விடிஞ்சால் பொழுதுபட்டால் ஒருத்தருக்கொருத்தர் ரெலிபோன் எடுத்து, உன்ரை, இல்லை உன்ரை, நேற்று நீ சொன்னனி எல்லே எண்டு சண்டை. இவ்வளவு பேரும் ஆளுக்கொரு கொடியோடை பிளாற்போமிலை வந்து நிண்டாலே பாதி வண்டி நேரத்துக்குப் போகும்.

ஆனால் ஒண்டு. செய்யிற வேலையைத் திறமாச் செய்யவேணும். என்னட்டை ஒரு நிமிசம் ஒட்டாது. சிவப்பிலை குர்தீப் எண்டு ஒரு பஞ்சாபிப் பொடியன் என்னைப்போலை வேலை செய்யிறான். அவன் சொல்லுவான், அங்கிள், நீங்கள் ரெலிபோனை எடுத்தாலே நான் தோத்துப்போனன் எண்டு எழுதி வைக்கிறனான் எண்டு. நல்ல பொடியன். கெட்டித்தனம் போதாது.

பொறுங்கோ, அறிவிக்கிறாங்கள்.

கேட்டீங்களே? எங்கட நீல வண்டி பிந்துதாம். எப்ப வரும் எண்டு சொல்லேல்லை. மன்னிப்புக் கேக்கிறாள் பாருங்கோ. முந்தியே ரெக்கோட்டிலை பிடிச்சு வைச்ச மன்னிப்பு. சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் அதே குரல்தான். அது ஒண்டைத்தான் இவங்கள் பங்கு பிரிக்காமல் வைச்சிருக்கிறாங்கள்.

நானும் அந்தக் கடற்கரை ஊருக்குத்தான். அங்கை என்ரை மனுசியின்ரை தங்கச்சி வீடு. மலர் எண்டு பேர். போன வருசம் செத்துப்போச்சு. இண்டைக்கு ஆட்டைத் திவசம். மனுசி மூண்டு நாளைக்கு முந்தியே சமையல் அடுக்குப் பாக்கப் போட்டுது. மத்தியானம் படைச்சுப்போட்டுச் சாப்பாடு. அதுக்கிடையிலை நான் போய்ச் சேரவேணும்.

இல்லை, உங்கட வண்டியிலை வரேலாது. எனக்கு வேலைக்காரர் பாஸ் இருக்கு. நீலத்திலை மட்டும்தான் செல்லும். காசு குடுத்து ரிக்கெற் வேண்டலாம்தான். வேண்டலாம். அதுக்கு வேறை கதை இருக்கு.

சரி, கேட்டனீங்கள், சொல்லுறன். அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வரப்போறவன் என்ரை கூடப்பிறந்தவன். யோகன். எனக்கு அடுத்தது அவன். அவனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான். இங்கிலீசுச் சோதினை எழுத வைச்சது நான். டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் போட வைச்சதும் நான்தான். நீலத்திலை அண்டைக்கு இடம் இல்லை, சிவப்பிலை எடுத்தாங்கள். எடுத்தாப் பிறகு, அண்ணை ஒரு கொம்பனி, தம்பி ஒரு கொம்பனி எண்டு வீட்டிலை ஒரே பகிடி. ஒரு மேசையிலை இருந்து சாப்பிடேக்கை அவன் சொல்லுவான், அண்ணை, உங்கட நீலம் எங்கட முன்னாலை நந்தி மாதிரி நிண்டது எண்டு. நான் சொல்லுவன், பொறடா, அதைத் திங்கட்கிழமை உங்கட தலையிலை எழுதுறன் எண்டு. அப்பிடிச் சிரிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.

போன மாரிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலருக்குக் கடுமை எண்டு ஆஸ்பத்திரியிலை இருந்து ரெலிபோன் வந்துது. மனுசி எங்கட நீல வண்டியிலை வெளிக்கிட்டுது. இந்தச் சந்தியிலை இறங்கிச் சிவப்பிலை மாறவேணும். ஞாயிறு பின்னேரங்களிலை அந்தப் பக்கம் போறது சிவப்பு மட்டும்தான், மற்றது எல்லாம் அங்கையிருந்து திரும்பி வாற வண்டியள். பின்னேரம் ஓடுறது கடைசி வண்டி. அதை விட்டால் அடுத்த நாள்தான். நான் வேலையிலை நிண்டனான்.

எங்கட நீல வண்டி வழியிலை ஒரு பறவையை அடிச்சுப்போட்டுது. முன்கண்ணாடி வெடிச்சு, வண்டியை நிப்பாட்டிப் பாத்து, மெல்ல ஊர்ந்து வந்து சேர நல்லாப் பிந்திப்போச்சு. மனுசி வண்டிக்குள்ளை இருந்து எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதுது. மற்ற வண்டியைக் கொஞ்சம் மறிக்கச் சொல்லேலாதோ எண்டு கேட்டுது. பவளம், அது வேறை கொம்பனி, எங்களுக்கு அங்கை ஒரு சொல்லு இல்லை எண்டு சொன்னன். உண்மையும் அதுதானே.

அண்டைக்கு அந்தச் சிவப்பு வண்டியிலை யோகன். அதிலை காட் எண்டு கொடி காட்டத் தனி ஆள் இல்லை. கதவும் டிரைவர்தான் திறந்து பூட்டுறது. அவன் என்ன செய்தான் தெரியுமே? நேரம் போட்டுது, பச்சை விளக்கு விழுந்திட்டுது, கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டான். பவளம் எனக்கு எடுத்த கையோடை அவனுக்கும் எடுத்திருக்குது போலை. ரெலிபோனை அணைச்சு வைக்கவேணும் எண்டு சட்டம். அவன் வைக்கேல்லை. நீல வண்டி வருமட்டும் நிண்டான். மனுசி ஏறுமட்டும் நிண்டான். அதோடை ஏறின மற்றச் சனமும் கொஞ்சம் இருக்கும். பிறகுதான் வெளிக்கிட்டான்.

பவளம் நேரத்துக்குப் போய்ச் சேந்துது. மலர் கண்முழிச்சுக் கதைச்சதாம். அக்கா வந்திட்டியோ எண்டு கேட்டதாம். விடியப்புறம் சீவன் போச்சு. சரி. அது நல்லது. நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அது ஒரு பக்கம். நிமிசம் இன்னொரு பக்கம்.

யோகன் நிண்டபடியால் எதிரை வந்த பச்சை வண்டி பாதி வழியிலை நிண்டுது. அதுக்குப் பின்னாலை கல்லு ஏத்திற சாமான் வண்டி நிண்டுது. அது போய் எங்கட நீலத்தை மறிச்சுது. இப்பிடி ஒண்டிலை ஒண்டு முட்டி, அண்டைக்கு இரவு அந்தப் பாதை முழுக்கப் பிந்திப்போச்சு. திங்கட்கிழமை காலமை நான் கதிரையிலை இருக்க எல்லா நிமிசமும் என்ரை மேசையிலை வந்து குவிஞ்சு கிடக்கு. எல்லாத்துக்கும் தகப்பன் தேடவேணும்.

முதல் பறவை. அதுவே ஒரு பெரிய கதை. சின்னப் பறவை எண்டால் வண்டிக்காரன்ரை பிழை. பெரிய பறவை எண்டால் தண்டவாளக்காரன்ரை பிழை. ஏன் எண்டு கேட்காதேங்கோ, பெரிய பறவை வராமல் அவங்கள் வேலி போட்டிருக்கவேணுமாம். தண்டவாளக்காரர் தாரா, வெறும் வாத்து எண்டாங்கள். நான் அன்னம் எண்டன். தலை இல்லை, கால் இல்லை, கண்ணாடியிலை கொஞ்ச இறகுதான். அந்த இறகைப் படம் எடுத்து அனுப்பி, இந்த நீளத்திலை தாராவுக்கு இறகு இருக்கோ எண்டு கேட்டன். ஒரு கிழமை அடிபட்டனாங்கள். படிச்ச, கழுத்திலை ரை கட்டின ஆம்பிளையள் கொஞ்சப்பேர் ஒரு செத்த பறவைக்குப் பேர் வைச்சுக்கொண்டு இருந்தம். கடைசியிலை அன்னம். நான் வெண்டன்.

அதுக்குப் பிறகு யோகன் நிண்ட நிமிசம். அதுதான் பெரிசு. குர்தீப் ரெலிபோன் எடுத்தான். அங்கிள், எங்கட டிரைவர் கதவு இறுகிப்போச்சு எண்டு எழுதித் தந்திருக்கிறார், கதவுப் பிழை எண்டு போடுவம், பாதி நாங்கள் எடுக்கிறம், பாதியை வண்டியை வாடகைக்குக் குடுத்தவன்ரை தலையிலை போடுவம், ஒருத்தருக்கும் நோகாது எண்டான். டிரைவர் ஆர் எண்டு அவனுக்குத் தெரியும். அதாலைதான் அப்பிடி மெதுவாக் கதைச்சவன். எனக்கு விளங்காமல் இல்லை.

நான் இல்லை எண்டிட்டன். கதவு இறுகேல்லை எண்டு எனக்குத் தெரியும் எல்லே. எப்பிடி எண்டு கேளுங்கோ. செத்தவீடு முடிஞ்சு வந்து பவளம் குசினிக்குள்ளை நிண்டு சொல்லிச் சொல்லி அழுதுது. யோகன் நிண்டவனப்பா, கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு எட்டிப் பாத்தபடி நிண்டவன், அண்ணி ஓடாதேங்கோ, ஆறுதலா வாங்கோ எண்டு கையைக் காட்டினவன், அவன் இல்லாட்டி நான் என்ரை தங்கச்சியைக் கண்டிருக்கமாட்டன் எண்டு. நான் சோத்தைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தன்.

கமராவிலை ஒண்டும் தெளிவில்லை. ஆனால் பயணி ஒருத்தர் சாட்சி இருந்தால் காணும். அதை ஒருத்தராலும் அசைக்கேலாது. நான் எழுதினன். பயணியின்ரை கூற்று: டிரைவர் வேணுமெண்டே கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு தனக்காக நிண்டதாகப் பயணி சொல்லுகிறார். பயணியின்ரை பேர், பவளராணி தெய்வேந்திரம். நான் ஒரு எழுத்துக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. அவ சொன்னதைத்தான் எழுதினன்.

முழு நிமிசமும் சிவப்பின்ரை தலையிலை போச்சு. எங்கட நீலத்திலை ஒரு நிமிசமும் இல்லை. மேலிடத்திலை இருந்து வந்து கை குடுத்தாங்கள். ஒரு சொக்கிலேற் பெட்டியும் தந்தாங்கள். சொக்கிலேற் பெட்டி. என்னத்தைச் சொல்ல. பவளம் அதை வாங்கி பிரிட்ஜுக்கு மேலை வைச்சுது. உடைக்கேல்லை. இப்பவும் அங்கைதான் கிடக்கு.

சிவப்புக் கொம்பனிக்காரர் யோகனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்கள். நிண்டதுக்கு இல்லைத் தம்பி, கதவு இறுகினது எண்டு பொய் எழுதினதுக்கு. மேசையிலை என்ரை கடுதாசியைப் போட்டு வாசிச்சுக் காட்டினாங்களாம். பயணியின்ரை பேரையும் சேத்துத்தான். வண்டியிலை இருந்து இறக்கிக் கன மாதம் ஒரு மூலையிலை இருத்தி வைச்சுப்போட்டுத்தான் திரும்பி ஓட்ட விட்டாங்கள். வீட்டிலை அவன்ரை மனுசி, அண்ணிதான் முறைப்பாடு குடுத்தவ எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்குது. யோகன் அது இல்லை எண்டு சொல்லேல்லை. ஆர் எண்டும் சொல்லேல்லை. அவன் சின்னனிலேயே அப்பிடித்தான், வாயைத் திறக்கமாட்டான்.

பவளம்தான் அவன்ரை வீட்டை போய், அது நான் இல்லை, இவர்தான் எண்டு சொல்லிப்போட்டு வந்துது. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்கோ. கட்டின மனுசி மற்ற வீட்டிலை போய்ப் புருசன்ரை பேரைச் சொல்லுறது. சொல்லலாமோ? வீட்டுக்குள்ளை கதைக்கிறதை வெளியிலை சொல்லுறது ஒரு பழக்கமே?

என்ன பாக்கிறீங்கள்? என்ரை வேலை அது. வேலை வேறை, வீடு வேறை. உங்களுக்கு இப்ப விளங்காது.

இப்ப கேளுங்கோ. மூண்டு நாளைக்கு முந்தி அந்த ஊருக்கு வெளிக்கிடேக்கை பவளம் வாசலிலை நிண்டு சொல்லுது: திவசத்துக்கு வாறதெண்டால் யோகன்ரை வண்டியிலை வாங்கோ. அவன்தான் அண்டைக்கு ஓட்டுறான். ஓட்டி முடிச்சிட்டு அவனும் வீட்டை வருவான். ரண்டு பேரும் ஒண்டா வாங்கோ. ஏறேக்கை அவனோடை ஒரு சொல்லுக் கதையுங்கோ. அப்பிடி வராட்டில் நான் திரும்பி வரேல்லை, மலரின்ரை பிள்ளை அங்கை தனிய இருக்குது, நான் அவளோடை நிண்டிடுறன் எண்டு.

வெருட்டு. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு வெருட்டு. குரலை உயத்தவும் இல்லை. உப்பு முடிஞ்சுபோச்சு வேண்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போட்டுது. மூண்டு நாளா நான் தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறன். பாலுக்குத் தேத்தண்ணியோ தேத்தண்ணிக்குப் பாலோ எண்டு ஒரு இழவும் சரிவரேல்லை. வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. ரெலிபோன் எடுத்தால், சாப்பிட்டியளோ எண்டு கேக்குது. ஓம் எண்டால் வைச்சிடுது.

அதுக்குத்தான் சொன்னனான், நான் நீலத்திலை போறன் எண்டு. திவசத்துக்குப் போறது போறதுதானே? எந்த நிறத்திலை போனால் என்ன? நான் ஆருக்கும் கடன்படாமல் என்ரை பாஸிலை, என்ரை வண்டியிலை போய் இறங்குவன். நேரத்துக்கு வந்து நிண்டால் அவ என்ன சொல்லுறது? காலமையில் இருந்து இந்த வாங்கிலை இருக்கிறன். முதல் நீலத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள். ரண்டாவது பிந்துது. சிவப்பு ஒண்டு வந்து போட்டுது, வேறை ஒருத்தன் ஓட்டினது. பச்சை போறதை நீங்களே கண்டனீங்கள். எல்லாம் அந்த ஊருக்குத்தான் போகுது. இந்த நாட்டு ரெயிலின்ரை லட்சணத்தைப் பாருங்கோ. ஒரு மனுசன் போகவேண்டிய இடத்துக்கு வண்டிக்கு மேலை வண்டி போகுது, மனுசன் மட்டும் பிளாற்போமிலை. உந்தக் கொம்பனிக்காரரை வரிசையா நிக்க வைச்சு அடிக்கவேணும்.

இந்தா வருது. உங்கட சிவப்பு. எழும்புங்கோ, பெட்டியை எடுங்கோ. முன்பெட்டியிலை ஏறுங்கோ, அங்கைதான் இடம் இருக்கும். முன்னுக்கு இருக்கிறவனைப் பாக்காதேங்கோ. அவன்தான்.

நரைச்சுப் போட்டான். கண்ணாடியும் போட்டிருக்கிறான். எப்பத் தொடக்கம் கண்ணாடி?

ஏறுங்கோ தம்பி. என்ரை கையை ஏன் பிடிக்கிறீங்கள்? நான் சொன்னனான் எல்லே. என்ரை வண்டி பின்னாலை வருது. அந்த வளைவுக்கு அங்காலைதான் நிக்கும் இப்ப. இது போனால்தான் அது வரும்.

என்ன, கூப்பிட்டவனோ? எனக்குக் கேக்கேல்லை. அண்ணை எண்டோ? நீங்கள் வடிவாக் கேட்டனீங்களே?

சனம் எல்லாம் ஏறிட்டுது. பச்சை விளக்கும் விழுந்திட்டுது. அந்த மணிக்கூட்டைப் பாருங்கோ, நேரம் போட்டுது. கதவு இன்னும் திறந்தபடி. பாத்தீங்களே? ஒருக்கா இறக்கி வைச்சவங்கள், மறந்துபோனானோ? தலையை வெளியிலை போட்டுக்கொண்டு நிக்கிறான். எதுக்கு நிக்கிறான் விசரன்? இப்ப பின்னாலை எங்கட நீலம் சிவப்பு விளக்கிலை நிக்கும். எதிரை வாறது எங்கையோ நிக்கும். திங்கட்கிழமை காலமை எல்லா நிமிசமும் என்ரை மேசைக்குத்தான் வரும். குர்தீப் எடுப்பான், அங்கிள் எண்டு. தகப்பன் ஆர் எண்டு என்னட்டைத்தான் கேப்பாங்கள்.

இன்னும் நிக்கிறான்.

இந்த முறை வண்டியாலை இறக்கினால் திரும்பி ஏத்தமாட்டாங்கள் தம்பி. அவனுக்கும் அது தெரியும். தெரிஞ்சுகொண்டு நிக்கிறான்.

யோகன், கதவைப் பூட்டடா. போ. போ எண்டு சொல்லுறன் எல்லே. பூட்டு.

நீங்கள் உள்ளை போங்கோ தம்பி, கதவு கையிலை பிடிக்கும். நான் நிக்கிறன். என்ரை வண்டி வரும். இஞ்சை கேளுங்கோ, கெதியாக் கேளுங்கோ. பயணி ஆராவது கண்டவையோ எண்டு அவங்கள் தேடுவாங்கள். எப்பிடித் தேடுறது எண்டு எனக்குத் தெரியும். உங்களிட்டை வந்து கேட்டால் என்னைக் கண்டதெண்டு சொல்லாதேங்கோ. அவன் ஆருக்காகவும் நிக்கேல்லை.

கதவு இறுகிப்போச்சு எண்டு சொல்லுங்கோ.